பை சுமந்தவர்களின் கோப்பை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய கிராமங்களின் டீக்கடைகளில் இரண்டு மொழிப் பத்திரிகைகள் கிடக்கும். ஒருவர் மலையாளத்தில் வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் தமிழில் சந்தேகம் கேட்பார். மூன்றாமவர் இரண்டும் கலந்த ஒரு மொழியில் தீர்ப்புச் சொல்லி முடிப்பார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளையில் கோடு விழுந்தது. பேச்சு மட்டும் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை.

1991-ல் உதியன்குளங்கரைப் பக்கத்துக் கடை ஒன்றில் ஒரு காலை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட் செய்திகளுக்கு அடியில், நாலே வரியில், டெல்லியில் நடந்த இந்திய ஓபன் கோல்ஃப் போட்டியில் அலி ஷேர் என்பவர் வென்றதாக இருந்தது.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "சாரே, இந்த ஓப்பன்னு சொன்னா என்னதாக்கும்?"

"தொறந்ததுன்னு அர்த்தம். யாரு வேணும்னாலும் வந்து ஆடலாம்."

"யாரு வேணும்னாலுமா? அந்தப் புல்லு மைதானத்துக்க கேட்டுக்கிட்ட நின்னு பாத்தாலே வாச்மேன் வெரட்டுவானே!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனார்.

ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. இந்திய கோல்ஃபின் வரலாறே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு இந்த மண்ணைவிடப் பொருத்தமான இடமும் வேறில்லை.

'ஓபன்' என்ற சொல் கோல்ஃபுக்குள் வந்த கதை சுவாரசியமானது. 1859-ல் ஸ்காட்லாந்தில் ஆலன் ராபர்ட்சன் என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரர் இறந்தார். அவருக்குப் பிறகு யார் பெரிய ஆட்டக்காரர் என்று தீர்மானிக்க 1860-ல் பிரெஸ்ட்விக் மைதானத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். ஆடியவர்கள் 8 பேர். அத்தனை பேரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். அன்றைக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் கோடிகளில் புரள்பவர் அல்ல. பந்து செய்பவர், மட்டை செதுக்குபவர், புல்வெளியைப் பராமரிப்பவர், கனவான்களின் பையைச் சுமப்பவர். அடுத்த ஆண்டு போட்டி எல்லோருக்கும் திறந்தது என்று அறிவித்தார்கள். அதாவது, கனவான்களும் வந்து ஆடலாம் என்று. உழைப்பாளிகளின் போட்டிக்குள் முதலாளிகளை அனுமதிக்கத்தான் 'ஓபன்' என்ற வார்த்தை முதலில் பயன்பட்டது.

பின்னால் நிலைமை தலைகீழானது. மைதானங்கள் கிளப்புகளின் சொத்தாயின. கிளப்புகள் உறுப்பினர்களின் சொத்தாயின. பந்தயத்தில் முதலாவதாக வந்த தொழில்முறை ஆட்டக்காரர்கூட கிளப் கட்டடத்தின் முன்வாசல் வழியே போக முடியாது. உடை மாற்றக் கொட்டகைக்குத்தான் போகவேண்டும். 1920-ல் இங்கிலாந்தில் நடந்த ஓபனுக்கு வந்த அமெரிக்கர் வால்டர் ஹேகன் இதைப் பொறுக்கவில்லை. ஒரு சொகுசுக் காரை வாடகைக்கு எடுத்து, கிளப்புக்கு எதிரிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இன்வர்னெஸ் கிளப், போட்டிக்கு வந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தன் கட்டடத்தைத் திறந்துவிட்டது. நன்றிக் கடனாக அவர்கள் ஒரு பெரிய கடிகாரத்தை வாங்கி கிளப்புக்குக் கொடுத்தார்கள். கதவைத் திறந்ததற்கே ஒரு கடிகாரம்!

இந்தியாவுக்கு கோல்ஃப் வந்தது கம்பெனிக்காரர்களோடு. கல்கத்தாவில் 1829-ல் தொடங்கிய கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானது. அங்கேதான் 1892-ல் அகில இந்திய அமெச்சூர் சாம்பியன்ஷிப் ஆரம்பமானது. கிண்டியில் குதிரைப் பந்தய மைதானத்துக்குள், ஊட்டியில், கொடைக்கானலில், இலங்கையில் கொழும்பிலும் நுவரெலியாவிலும், வெள்ளைக்காரர்கள் குடியேறிய இடமெல்லாம் புல் வளர்ந்தது. கொடி நட்ட குழிகள் தோண்டப்பட்டன. திருவனந்தபுரத்தில் 9 குழிகள் கொண்ட மைதானம் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்தது. இன்றும் கவடியாரில் இருக்கிறது.

அதே காலத்தில், அந்த மைதானத்துக்குத் தெற்கே என்ன நடந்துகொண்டிருந்தது?

ராபர்ட்சன் இறந்த அதே 1859-ல்தான் தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று மன்னர் உத்தரவு போடவேண்டியிருந்தது. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் அடிதடி, தீவைப்பு. 1888-ல் நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில், நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லை ஸ்ரீ நாராயண குரு சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். சிவனைப் பிரதிஷ்டை செய்யும் உரிமை ஈழவருக்கு ஏது என்று கேட்ட காலம் அது. கல்கத்தாவில் அமெச்சூர் போட்டி தொடங்கிய மறு ஆண்டு, 1893-ல், விழிஞ்ஞத்தை அடுத்த வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி, தலைப்பாகையோடு அதில் ஏறிப் பொதுச்சாலையில் ஓட்டினார். பொதுச்சாலை எல்லோருக்கும் என்பது காகிதத்தில் ஏற்கனவே இருந்தது. ஆனால் புலையர் ஒருவர் வண்டியில் வந்தபோது வழிமறிக்க ஆள் நின்றது.

1910-ல் அன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த ஊரூட்டம்பலத்தில் அதே கதை. தலித் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு சொல்லியிருந்தது. பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்து அய்யன்காளி பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனார். சிறுமி பெஞ்சில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் கொளுத்தப்பட்டது.

இவற்றையும் பணக்காரர்களின் பொழுதுபோக்கான ஒரு விளையாட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சாலையில் நடப்பதும் பள்ளியில் உட்காருவதும் மனிதனாக வாழ்வதற்கான அடிப்படை. கோல்ஃப் ஆடாமல் யாரும் செத்துப்போவதில்லை. ஆனாலும் பூட்டின் அமைப்பு ஒன்றுதான். திறந்திருக்கிறது என்று சட்டம் சொல்லும். வாசலில் நிற்பவர் இல்லை என்பார். யாராவது ஒருவர் வண்டியை ஓட்டிப்போய்க் காட்டும்வரை சட்டம் வெறும் காகிதம்தான்.

இந்திய கோல்ஃபில் அந்தக் காகிதம் எழுதப்பட்டது 1964-ல்.

இந்திய கோல்ஃப் சங்கம் 1955-ல் உருவாகியிருந்தது. பிரிட்டிஷ் ஓபனை அதற்குள் நான்கு முறை வென்றிருந்த ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சன், இந்தியாவிலும் ஒரு ஓபன் போட்டி நடக்கவேண்டும் என்று ஊக்கம் கொடுத்தார். டெல்லி கோல்ஃப் கிளப்பில் முதல் போட்டி நடந்தது. கோப்பையையும் தாம்சனே தட்டிக்கொண்டு போனார். 1966-லும் 1976-லும் மறுபடி வந்து வென்றார். 1970-ல் இந்திய ஓபன் ஆசிய சர்க்யூட்டில் ஒரு நிறுத்தமானது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் நாடு நாடாகச் சுற்றி ஆடும் அந்த வரிசையில், இந்தியாவின் முறை வரும்போது டெல்லியிலோ கல்கத்தாவிலோ கூடாரம் அடிப்பார்கள்.

போட்டியின் முறை எளிமையானது. நான்கு நாள். நாளுக்கு 18 குழிகள். மொத்தம் 72 குழிகளையும் யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை. முதல் இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கியவர்களைக் கழித்துவிடுவார்கள். நடுவர் மார்க் போடும் விளையாட்டு அல்ல இது. நடை உடை பாவனைக்கு மதிப்பெண் கிடையாது. தகப்பன் யார், எந்தப் பள்ளி என்று அட்டையில் கேள்வி இல்லை. எத்தனை அடி என்ற ஒரே கேள்விதான்.

இரண்டாம் ஆண்டே, 1965-ல், ஓர் இந்தியர் வென்றார். பி.ஜி. சேத்தி. ஆனால் அவர் அமெச்சூர்; கிளப் உறுப்பினர்களின் உலகத்தைச் சேர்ந்தவர். அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தைத் தொட முடியாது, கோப்பை மட்டும்தான். அதன் பிறகு கோப்பை விமானம் ஏறியது. ஜப்பானின் கென்ஜி ஹொசோய்ஷி 1967, 1968 என்று இரண்டு முறை. 1969-ல் பிலிப்பைன்ஸின் பென் அர்டா. 1971-லும் 1973-லும் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் மார்ஷ். 1981-ல் அமெரிக்காவின் பெய்ன் ஸ்டூவர்ட். அன்றைக்கு அவர் பெயர் யாருக்கும் தெரியாது, பத்து ஆண்டு கழித்து அமெரிக்க ஓபனையே வென்றார். ஆண்டுக்கு ஒரு முறை இந்தியப் புல்வெளியில் வெளிநாட்டவர் கோப்பையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். 26 ஆண்டுகள் இப்படியே போயின.

அந்தப் படங்களின் ஓரத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொருவர் நின்றிருப்பார். அவருக்குத் தமிழில் சரியான பெயர்கூட இல்லை.

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் மேசைகளில் இந்தச் சொல் கொடுத்த தர்மசங்கடம் கொஞ்சநஞ்சமல்ல. ஆங்கிலத்தில் உச்சரிக்கிறபடி 'கேடி' என்று எழுதினால் குடி மூழ்கிவிடும். தமிழில் கேடி என்றால் ரவுடி, திருடன். வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் பதிவேட்டில் பழைய குற்றவாளிகளுக்கு வைத்த 'நோன் டெப்ரடேட்டர்' என்ற பெயரின் முதலெழுத்துகள், கே.டி., அப்படியே நம் வசவில் ஏறிவிட்டன. 'முன்னாள் கேடி சாம்பியன் ஆனார்' என்று தலைப்புப் போட முடியுமா? எனவே ஒருவர் 'கேடீ' என்று நீட்டுவார்; இன்னொருவர் 'காடி' என்பார்; வேறொருவர் 'மட்டை சுமப்பவர்' என்று எழுதுவார். கோல்ஃபையே 'குழிப்பந்தாட்டம்' ஆக்கிய தனித்தமிழ் அன்பர்களும் இந்த இடத்தில் 'உதவியாளர்' என்று பொத்தாம்பொதுவாக முடித்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும்விட மோசம் அதுதான். அவருடைய வேலை முழுவதும் அந்தச் சொல்லில் மறைந்துபோகிறது.

வேலை என்ன? 14 மட்டைகள்வரை உள்ள பையைத் தூக்கிக்கொண்டு, ஏறி இறங்கிக் கிடக்கும் மைதானத்தில் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடப்பது மட்டும் அல்ல. கொடி எத்தனை கஜம், காற்று எந்தப் பக்கம், எந்த மட்டை எடுத்தால் பந்து எங்கே விழும் என்று சொல்லவேண்டும். குழிக்குப் பக்கத்தில் வெட்டிய புல் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, பந்து கடைசி இரண்டடியில் எந்தப் பக்கம் திரும்பும் என்று குனிந்து பார்த்துச் சொல்லவேண்டும். பந்து புதருக்குள் போனால் தேடி எடுக்கவேண்டும். தவறாக அடித்தவர் ஐயா. திட்டு வாங்குபவர் இவர்.

சுருக்கமாகச் சொன்னால், மைதானத்தை மற்ற எவரையும்விட நன்றாக அறிந்தவர் அவர்தான். ஆட மட்டும் அவருக்கு உரிமை இல்லை. மைதானத்துக்கு ஓய்வு கொடுக்கும் நாளில், உறுப்பினர்கள் வராத நேரத்தில், யாரோ வேண்டாம் என்று கொடுத்த ஒற்றை மட்டையோடு ஆடிக்கொள்ளலாம். அப்படித்தான் இந்த நாட்டின் தொழில்முறை ஆட்டக்காரர்களில் ஒரு பரம்பரையே உருவானது.

அந்தப் பரம்பரையில் வந்தவர் அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்து வளர்ந்தவர். லோதி காலத்துச் சமாதிகளுக்கும் மயில்களுக்கும் நடுவே அமைந்த அந்த மைதானம் நீளமாக அடிக்கும் பலசாலிகளுக்கு ஏற்றதல்ல. பாதை குறுகியது, இரண்டு பக்கமும் அடர்ந்த புதர். கொஞ்சம் விலகினாலும் பந்து போய்விடும். உலகம் சுற்றிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு அது பொறி. அங்கே ஆயிரம் முறை அடுத்தவர் பந்தைத் தேடித் திரிந்தவருக்கோ ஒவ்வொரு புதரும் தெரிந்த முகம்.

1991-ல் அவர் வென்றபோது, இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அர்ஜுனா விருது கிடைத்தது. ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று யாராவது நினைத்திருந்தால், 1993-ல் அதே மைதானத்தில் மறுபடி வென்று அந்த வாயையும் அடைத்தார். 1964-ல் எழுதிய காகிதம் நிஜமாக 27 ஆண்டு ஆனது. வில்வண்டி சாலையில் ஏறிவிட்டது.

ஒரு வண்டி போன பிறகு தடத்தில் அடுத்த வண்டி போவது எளிது. 1998-ல் கொல்கத்தாவின் ஃபிரோஸ் அலி வென்றார். 1999-ல் அர்ஜுன் அத்வால், 2000-ல் ஜோதி ரந்தாவா என்று வசதியான வீட்டுப் பிள்ளைகளும் வென்றார்கள். அவர்கள் திறமைக்குக் குறைவில்லை. அத்வால் 2010-ல் அமெரிக்க பி.ஜி.ஏ. டூரில் வென்ற முதல் இந்தியர். ஆனால் 2002-ல் வென்ற லக்னோவின் விஜய் குமார் மறுபடி பை சுமந்து வளர்ந்தவர். 2009-ல் வென்ற பெங்களூருவின் சி. முனியப்பாவும் அப்படியே. பிளே-ஆஃப் வரை போன அந்தப் போட்டியில் அவருக்குக் கிடைத்த பரிசு ஏறக்குறைய 2 லட்சம் டாலர். பை சுமந்த நாட்களில் ஒரு சுற்றுக்குக் கிடைத்த கூலியோடு அதை ஒப்பிட எந்தக் கணக்குப்பிள்ளையாலும் முடியாது.

எல்லை தாண்டியும் தடம் போனது. டாக்காவின் குர்மிடோலா கோல்ஃப் மைதானத்தில் பந்து பொறுக்கி, பை சுமந்து வளர்ந்த சித்திகுர் ரஹ்மான் 2013-ல் டெல்லியில் இந்திய ஓபனை வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வங்கதேசத்தின் கொடியை ஏந்திச் சென்றவர் அவர். பிறர் பையைச் சுமந்த தோள் ஒரு நாட்டின் கொடியைச் சுமந்தது.

இந்த வரிசையில் மனதில் தங்கும் பெயர் எஸ்.எஸ்.பி. சௌரசியா. அவருடைய தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரிப்பவர். 1829-ல் தொடங்கிய அதே கிளப். மகன் யாரிடமும் முறையாகப் பாடம் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 2008-ல் டெல்லியில் 25 லட்சம் டாலர் பரிசுத்தொகையோடு இந்தியன் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டி நடந்தது. எர்னி எல்ஸ் போன்ற உலகப் பிரபலங்கள் வந்திருந்தார்கள். வென்றது சௌரசியா. ஐரோப்பிய டூரின் கதவு அவருக்குத் திறந்தது.

ஆனால் இந்திய ஓபன் மட்டும் கைக்கு எட்டவில்லை. 1999-ல் இரண்டாம் இடம். 2006-ல் பிளே-ஆஃபில் தோல்வி. 2013-ல் மறுபடி இரண்டாம் இடம். 2015-ல் ராணுவ மருத்துவரின் மகனான அனிர்பன் லஹிரியிடம் பிளே-ஆஃபில் இன்னொரு தோல்வி. வேறு ஒருவராக இருந்தால் ராசியில்லை என்று சொல்லி விட்டிருப்பார். சௌரசியா 2016-ல் மறுபடி வந்தார். லஹிரியை இரண்டு அடி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளிக் கோப்பையை எடுத்தார். 2017-ல் போட்டி குருகிராமின் கடினமான மைதானத்துக்கு மாறியது. அங்கே ஏழு அடி வித்தியாசத்தில் வென்று அதைத் தக்கவைத்தார். பழகிய புதர்களின் உதவி இல்லாத மைதானம் அது. ஊர் மைதானம் தெரிந்ததால்தான் கேடீக்கள் ஜெயிக்கிறார்கள் என்ற பேச்சுக்கு அது பதில்.

கதையை இங்கே முடித்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் முழு உண்மையாக இருக்காது.

ஓபன் என்பது ஆண்டுக்கு நான்கு நாள். மற்ற நாட்களில் கிளப் கிளப்பாகவே இருக்கிறது. கோப்பை வென்றவர்கள் சிலர். பையோடு நின்றுவிட்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களில் எத்தனை பேர் சௌரசியாவைப்போல் ஆடக்கூடியவர்கள் என்பது ஒருபோதும் தெரியப்போவதில்லை, ஏனென்றால் அவர்கள் கையில் முழு செட் மட்டைகள் ஒருநாளும் வந்ததில்லை. போட்டியும் வளர்ந்துவிட்டது. 2015 முதல் ஐரோப்பிய டூரின் அங்கீகாரம் பெற்றது. 2020 முதல் 2022 வரை கொரோனாவால் நடக்கவில்லை. 2023-ல் திரும்பி வந்தது. 2018 முதல் 2025 வரை நடந்த ஐந்து போட்டிகளிலும் வென்றவர்கள் வெளிநாட்டவர்களே. இன்றைய ஆட்டத்துக்குப் பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், பந்தின் வேகத்தை அளக்கும் கருவி எல்லாம் தேவைப்படுகின்றன. ஓய்வு நாளில் ஒற்றை மட்டையோடு கற்றுக்கொண்டு இந்த உயரத்தை எட்டுவது முன்னைவிடக் கடினம். பழைய வாசலில் வாச்மேன் நின்றார். புதிய வாசலில் செலவுக் கணக்கு நிற்கிறது.

நிலத்தின் கேள்வியும் எழுந்துவிட்டது. நகரத்தின் நடுவே இவ்வளவு பெரிய புல்வெளி யாருக்காக? திருவனந்தபுரம் கோல்ஃப் கிளப் இருக்கும் நிலத்தை வி.எஸ். அச்சுதானந்தன் அரசு எடுத்துக்கொள்ள முனைந்து வழக்கு நீதிமன்றம் வரை போனது. சென்னையில் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர் நிலத்தை 2024-ல் தமிழக அரசு கையகப்படுத்தியபோது, அதற்குள் இருந்த கோல்ஃப் மைதானமும் பேச்சில் அடிபட்டது. இந்த வாதங்களில் அரசு ஒரு பக்கம், கிளப் ஒரு பக்கம். அதே புல்லை வெட்டி, அதே பையைச் சுமந்து பிழைப்பவர்களின் குரல் இரண்டு பக்கத்திலும் அதிகம் கேட்கவில்லை.

ஆனாலும் சில மாற்றங்கள் நம்பிக்கை தருகின்றன. பெண்களுக்கான இந்திய ஓபன் 2007-ல் தொடங்கியது. 2016-ல் பெங்களூருவின் அதிதி அசோக் அதை வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோ ஒலிம்பிக்கில் மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தபோது, அவருடைய பையைச் சுமந்து நடந்தவர் அவருடைய அம்மா. உலகமே பார்த்த அந்த நான்கு நாட்களில் பை சுமப்பது கீழான வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. வேலை ஒன்றுதான், சுமப்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் மரியாதை மாறிவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ள கோல்ஃப் தெரியவேண்டியதில்லை.

நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர்களுக்கு அது நன்றாகவே புரியும். ஊரூட்டம்பலம் பள்ளி இன்று அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயர்களையும் தாங்கி நிற்கிறது. 1910-ல் தீயில் பாதி கருகிய பெஞ்சு ஒன்றை அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பள்ளிகள் கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியில் வைப்பது வழக்கம். இந்தப் பள்ளிக்கு அந்த பெஞ்சுதான் கோப்பை. ஒரு சிறுமி அதில் உட்கார்ந்தாள் என்பதே வெற்றி.

காலையில் பாறசாலை ஸ்டேஷனிலிருந்து திருவனந்தபுரம் போகும் பாசஞ்சர் ரயிலில் இந்தக் கிராமங்களின் பாதி உழைப்பு ஏறிப் போகிறது. கொத்தனார்கள், கடைச் சிப்பந்திகள், தோட்ட வேலைக்காரர்கள், நர்சுகள். மாலையில் திரும்பி வருகிறது. பகல் முழுதும் அவர்கள் திறந்துவிடும் கதவுகளில் எத்தனை அவர்களுக்காகத் திறக்கும் என்று கேட்டால், பதிலுக்கு ஒரு சிரிப்புத்தான் கிடைக்கும். 1991-ல் அந்த டீக்கடையில் எழுந்த அதே சிரிப்பு.

ஆசிரியர் அன்று சொன்ன விளக்கம் தவறில்லை. ஓப்பன் என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். டீக்கடைக்காரர் கேட்டதும் தவறில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், அவர் கடைப் பத்திரிகையின் மூலையிலேயே, நாலு வரியில், அவருக்கான பதில் அச்சாகியிருந்தது. அந்த அலி ஷேர் யார், எந்த வாசல் வழியாக மைதானத்துக்குள் வந்தவர் என்று மட்டும் செய்தியில் இல்லை. அதையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தால், கடையில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.